‘நோய் போய்விட்டது’ என்பதற்குப் பிறகு: சிறுவயதில் புற்றுநோய் கண்டு குணமானவர்களின் உடல்நலம்

சென்ற ஆண்டு என் அக்காள் மகளை முதல் கர்ப்பப் பதிவுக்காக சுங்கை சிப்புட்டிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றோம். தாதி வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, முன்பு பெரிய நோய் ஏதும் இருந்ததா என்றார். அக்காள் சற்றும் தயங்காமல், "ஒண்ணும் இல்ல, மிஸ்ஸி" என்றார்.

அக்காள் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிகிச்சை நடந்து, பிறகு நோய் முற்றாக நீங்கியது. அதன்பின் இருபது ஆண்டுகளாகக் காய்ச்சல் சளியைத் தவிர அவளுக்கு வேறெதுவும் வந்ததில்லை. ஆகவே அந்தக் கதை முடிந்துவிட்டதாகவே அக்காள் நினைத்திருந்தார். நான்தான் குறுக்கிட்டுப் பழைய சிகிச்சையைச் சொன்னேன். கேட்ட டாக்டர் உடனே இதயப் பரிசோதனைக்காக ஈப்போவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்காளுக்கு ஒரே கேள்விதான்: "இவளுக்கு வந்தது ரத்தத்தில. இவங்க ஏன் நெஞ்சைப் பார்க்கச் சொல்றாங்க?"

மிகச் சரியான கேள்வி அது. எங்கள் தோட்டப்புறத்தில் இதற்கு விடை தெரிந்தவர்கள் குறைவு என்பதால், அதை அடியிலிருந்து விளக்க முயல்கிறேன்.

இரண்டு பக்கமும் தவறும் எண்ணம்

சிறுவயதில் புற்றுநோய் கண்டவர்களைப் பற்றி இங்கே இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று, நோய் போய்விட்டது, இனி அதைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்பது. மற்றொன்று, அந்த நோய் உடலுக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது, என்றைக்காவது திரும்பி வரும் என்பது. முதல் எண்ணம் கொண்டவர்கள் பரிசோதனைக்கே போவதில்லை. இரண்டாம் எண்ணம் கொண்டவர்கள், பரிசோதனைக்குப் போகச் சொன்னாலே நோய் திரும்பிவிட்டது என்று அழத் தொடங்குகிறார்கள்.

இரண்டு பேச்சும் நோயை மட்டுமே பார்க்கின்றன, சிகிச்சையைப் பார்ப்பதில்லை. பழைய புற்றுநோய் திரும்பி வருவது மறுதாக்கம் எனப்படும். பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய்களில் இந்த ஆபத்து முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மிகவும் குறைந்துவிடுகிறது. குணமானவர் வளர்ந்து பெரியவரான பிறகு டாக்டர்கள் முக்கியமாகக் கவனிப்பது வேறொன்றை: அன்று உயிரைக் காப்பாற்றிய மருந்தும் கதிர்வீச்சும் நல்ல உறுப்புகளில் விட்டுச் சென்ற தடத்தை. பல மாதங்களோ பல ஆண்டுகளோ கழித்து வெளிப்படும் இப்படிப்பட்ட பாதிப்பைக் காலங்கடந்த பின்விளைவு என்பார்கள்.

பால் மரத்தில் விழுந்த காயம்

என் தந்தையார் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கத்தி பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்ளே மரத்தைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே, புதிய பட்டையை உண்டாக்கும் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. கத்தி ஆழமாக இறங்கி அந்தப் படலத்தைக் காயப்படுத்தினாலும் அன்றைக்குப் பால் வடியத்தான் செய்யும். மரமும் பச்சையாகத்தான் நிற்கும். பல ஆண்டுகள் கழித்து, மறுபடி வளர்ந்த பட்டையில் கத்தி வைக்க வரும்போதுதான், பழைய காயம் முடிச்சு முடிச்சாகத் திரண்டிருப்பது தெரியும்.

காலங்கடந்த பின்விளைவும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. சிகிச்சை நாளில் உறுப்புக்குள் சிறிய சேதம் ஏற்படுகிறது. உடல் இளமையாக இருக்கும்வரை அந்த உறுப்பு மிச்சமிருக்கும் வலிமையைக் கொண்டு சமாளிக்கிறது. வயது ஏறும்போதும், கர்ப்பம், இரத்த அழுத்தம், கடும் உழைப்பு போன்ற புதிய பாரம் சேரும்போதும்தான் குறை வெளியே தெரிகிறது.

மரத்துக்கும் மனிதருக்கும் ஒரு பெரிய வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மரத்தில் காயம் விழுவது வெட்டுபவரின் கவனக்குறைவால். இங்கே அப்படியில்லை. குழந்தையின் உயிரைக் காக்க வேறு வழியில்லாமல், தெரிந்தே, கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட்ட மருந்து அது. 1960களின் தொடக்கத்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் மிகச் சிலரே பிழைத்தார்கள். இன்று வசதி மிக்க நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 80க்கும் அதிகமானோர் பிழைக்கிறார்கள். அந்த மருந்துகள் இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திருக்காது. ஆகவே எந்தப் பெற்றோரும் அன்று கையெழுத்துப் போட்டதற்காக இன்று தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

மருந்து எதைத் தேடிப் போகிறது

புற்றுநோய் அணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுபவை. கீமோதெரப்பி என்பது இப்படிப் பெருகும் அணுக்களைக் கொல்லும் மருந்துகளின் பொதுப்பெயர். பிரியும் அணு புற்றுநோயுடையதா நல்லதா என்பதை இம்மருந்துகளில் பெரும்பாலானவை துல்லியமாகப் பிரித்தறிவதில்லை. அதனால்தான் சிகிச்சையின்போது முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. இவை உடனே தெரியும் விளைவுகள். மருந்து நின்றதும் பெரும்பாலும் சரியாகிவிடுகின்றன.

குழந்தையின் உடலில் இன்னொரு செய்தியும் சேர்கிறது. பெரியவரின் உடல் கட்டி முடித்த வீடு என்றால், குழந்தையின் உடல் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. எலும்பு நீள்கிறது, மூளையில் இணைப்புகள் உருவாகின்றன, இதயம் பெரிதாகிறது. கட்டும் நேரத்தில் ஏற்படும் குறை, வீடு முழுவதும் எழும்பிய பிறகும் சுவருக்குள் இருக்கும். ஒரே மருந்து ஐந்து வயதுக் குழந்தையிடம் விடும் தடமும் பதினைந்து வயதுப் பையனிடம் விடும் தடமும் வேறாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கவனிக்க வேண்டியது எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தது என்பதை மட்டுமல்ல. எந்த மருந்து, எவ்வளவு, எந்த வயதில் கொடுக்கப்பட்டது, கதிர்வீச்சு உடலின் எந்தப் பகுதியில் பட்டது என்பவையே பின்விளைவைத் தீர்மானிக்கின்றன.

இரத்தத்தில் வந்த நோய்க்கு நெஞ்சை ஏன் பார்க்கிறார்கள்

இப்போது அக்காளின் கேள்விக்கு வரலாம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் வேறு பல புற்றுநோய்களுக்கும் டாக்சோருபிசின், டானோருபிசின் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. குழாயில் இறங்கும்போது சிவப்பாக இருப்பதால் வார்டில் இருந்த தாய்மார்கள் இவற்றைச் சிவப்பு மருந்து என்றே சொல்வார்கள். மருத்துவத்தில் இக்குடும்பத்துக்கு ஆந்த்ராசைக்ளின் என்று பெயர். இவை இரத்தத்தோடு கலந்து உடல் முழுவதும் சுற்றுகின்றன; இதயத்துக்குள்ளும் போகின்றன. அங்கே இதயத் தசை அணுக்களின் மரபுப் பொருளையும், அணுவுக்கு ஆற்றல் தரும் சிறு உறுப்புகளையும் சேதப்படுத்துகின்றன. தோலைப் போலவோ இரத்தத்தைப் போலவோ இதயத் தசை எளிதில் புதுப்பித்துக்கொள்வதில்லை. இழந்த அணுக்களில் பெரும்பகுதி இழந்ததுதான். குழந்தை வளர வளர, குறைந்த எண்ணிக்கையிலுள்ள தசை அணுக்களே பெரிய உடலுக்கு இரத்தத்தை இறைக்க வேண்டியிருக்கிறது.

இதில் முக்கியமானது மொத்த அளவு. அதாவது, பல தவணைகளில் கொடுக்கப்பட்ட மருந்து அனைத்தையும் கூட்டினால் வரும் தொகை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் தோட்டத்துப் பாலத்தைக் கடப்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு லாரி போனதால் பாலம் விழுவதில்லை. ஆனால் எத்தனை லாரிகள், எவ்வளவு பாரத்தோடு போயின என்ற கணக்கு, பாலத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். இந்த மருந்தின் அளவை உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்றவர்கள் அதிக ஆபத்துள்ளவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களின் இதயத்தைச் சோதிக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். 100க்கும் 250க்கும் இடைப்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. 100க்கும் குறைவாகப் பெற்று, நெஞ்சில் கதிர்வீச்சும் படாதவர்களுக்கு வழக்கமான சோதனையே தேவையில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். குணமான எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இங்கே பலர்.

சோதனை என்பது எக்கோ. வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் அதே ஒலியலைக் கருவியால் இதயம் சுருங்கி விரிவதைப் பார்ப்பது. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடுவதால் இதயத்துக்கு வேலை அதிகம். ஆகவே ஆந்த்ராசைக்ளின் பெற்ற பெண்கள் கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதத்திலோ எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது. அந்த டாக்டர் ஈப்போவுக்குக் கடிதம் எழுதியது இதற்காகத்தான்.

இங்கே நம் சமூகத்துக்கென்றே ஒரு கவலை இருக்கிறது. சிவப்பு மருந்து பெற்றவருக்கு உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்தால் இதயம் தளரும் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது. சர்க்கரை நோயும் இதயத்துக்குப் பாரமே. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் நூற்றுக்கு 31 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மற்ற பெரிய இனங்களைவிட இது அதிகம். சிறுவயதில் நடந்த சிகிச்சையை இனி மாற்ற முடியாது. இரத்த அழுத்தத்தை மாற்ற முடியும். இருபத்தைந்து வயதுக்காரருக்கு எதற்கு பிரஷர் பார்ப்பது என்று விட்டுவிடாமல் ஆண்டுதோறும் அளந்து பார்ப்பதும், புகையைத் தொடாமல் இருப்பதும், எடையைக் கட்டுக்குள் வைப்பதும் எக்கோ அளவுக்கு முக்கியமானவை.

கதிர்வீச்சு பட்ட இடம்

கதிர்வீச்சு சிகிச்சை என்பது ஆற்றல் மிக்க கதிரைக் குறிப்பிட்ட இடத்தில் செலுத்திப் புற்றணுக்களை அழிப்பது. மருந்து உடலெங்கும் சுற்றுகிறது. கதிர்வீச்சு பட்ட இடத்தில்தான் தன் தடத்தை விடுகிறது. ஆகவே இடத்தைச் சொன்னால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடலாம். கழுத்தில் பட்டிருந்தால் தைராய்டு சுரப்பி மந்தமாகலாம். அதில் கட்டியும் தோன்றலாம். தலையில் பட்டிருந்தால் வளர்ச்சியையும் பருவமடைவதையும் ஆளும் சுரப்பி பாதிக்கப்படலாம். படிப்பில் வேகம் குறையலாம். பள்ளியில் மந்தம் என்று பெயர் வாங்கிய சில பிள்ளைகளுக்கு உண்மையில் தேவைப்பட்டது அடி அல்ல, கூடுதல் நேரம் மட்டுமே. இன்று இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தலையில் கதிர்வீச்சு தருவதை டாக்டர்கள் தவிர்த்துவிட்டார்கள் என்பது பெரிய ஆறுதல்.

கதிர்வீச்சு பட்ட இடத்தில் பல ஆண்டுகள் கழித்து முற்றிலும் புதிய புற்றுநோய் ஒன்று தோன்றக்கூடும். இதை இரண்டாம் புற்றுநோய் என்பார்கள். பழைய நோய் திரும்பி வருவதல்ல இது. சிறுவயதில் நெஞ்சில் 10 கிரே அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு பெற்ற பெண்கள் 25 வயதிலிருந்தோ, கதிர்வீச்சு முடிந்து 8 ஆண்டுகள் ஆனதிலிருந்தோ, இவற்றில் எது பிந்தியதோ அப்போதிலிருந்து ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. கிரே என்பது உடல் ஏற்ற கதிர்வீச்சின் அலகு. மற்ற பெண்கள் மேமோகிராம் பற்றி நினைக்கவே தொடங்காத வயது அது. இதைச் சொல்லாமல் மகளைத் திருமணம் செய்துகொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மற்ற உறுப்புகள், சுருக்கமாக

சிஸ்பிளாட்டின் என்ற மருந்து பெற்றவர்களுக்கு உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள் கேட்காமல் போகலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். நீண்ட காலம் ஸ்டீராய்டு உட்கொண்டவர்களில், குறிப்பாக வளரிளம் பருவத்தில் உட்கொண்டவர்களில், சிலருக்கு இடுப்பு மூட்டு எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்து அந்தப் பகுதி சிதைந்துபோகிறது. அப்படிப்பட்டவருக்கு இடுப்பு வலி வரும்போது வாயு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு சிறுநீரகத்தை அகற்றியவர்கள் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

பிள்ளைப்பேறு பற்றி நம் வீடுகளில் வாய் திறந்து பேசுவதில்லை. அதனால் அதிகமாகவே அஞ்சுகிறோம். சைக்ளோபாஸ்பமைட் போன்ற சில மருந்துகளின் அதிக அளவும், அடிவயிற்றுக் கதிர்வீச்சும் கருவுறும் ஆற்றலைக் குறைக்கலாம். சில பெண்களுக்கு மாதவிடாய் இளவயதிலேயே நின்றுவிடலாம். ஆனால் குணமானவர்களில் பலர் இயல்பாகப் பிள்ளை பெறுகிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை கூடுதலாக வருவதில்லை என்றே பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்புற்று போன்ற சில பரம்பரைப் புற்றுநோய்களைத் தவிர்த்தால், இது குடும்ப வழியாகப் போகும் நோயும் அல்ல, தொற்றும் நோயும் அல்ல. பெண் பார்க்க வரும் வீட்டாருக்கு இதை விளக்கிச் சொல்ல நேரமாகலாம். மறைப்பதைவிட அது எளிது.

எத்தனை பேருக்கு வருகிறது

1970க்கும் 1986க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை பெற்ற பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு நாட்பட்ட உடல்நலக் குறை ஏதாவது ஒன்று இருந்தது. நூற்றுக்கு 27 பேருக்கு அது கடுமையானது. அப்போது அவர்களின் சராசரி வயது 27ஐக்கூட எட்டவில்லை. இந்த எண்ணைக் கேட்டு அஞ்சுவது இயல்பு. ஆனால் அது பழைய சிகிச்சை முறையின் கணக்கு. பின்னர் டாக்டர்கள் கதிர்வீச்சைக் குறைத்தார்கள், மருந்தின் அளவைக் குழந்தையின் ஆபத்துக்கு ஏற்ப வகுத்தார்கள். நம் நாடும் சிங்கப்பூரும் சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் தொடங்கிய இரத்தப் புற்றுநோய் சிகிச்சைத் திட்டம் இதே வழியில் அமைந்தது: சிகிச்சையின் முதல் கட்டத்துக்குப் பின் எலும்பு மச்சையில் எஞ்சியிருக்கும் புற்றணுக்களை நுணுகி எண்ணி, குறைவாக இருந்த குழந்தைகளுக்கு மருந்தையும் குறைத்தார்கள். நோய் கண்டு ஐந்து ஆண்டுகள் கடந்தவர்கள் அடுத்த பத்தாண்டுகளில் இறக்கும் விகிதம், 1970களின் தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் 1990களில் பெற்றவர்களிடம் ஏறக்குறைய பாதியாகியிருப்பதை வட அமெரிக்க ஆய்வு காட்டுகிறது.

ஆக, எல்லோருக்கும் வருவதுமில்லை, யாருக்குமே வராது என்பதுமில்லை. யாருக்கு எது வரக்கூடும் என்பதை ஓரளவு முன்னரே சொல்ல முடியும்; அதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

ஒரே ஒரு காகிதம்

அந்தக் காகிதத்துக்குச் சிகிச்சைச் சுருக்கம் என்று பெயர். நோயின் பெயர், கண்டுபிடித்த நாள், சிகிச்சை முடிந்த நாள், கொடுத்த மருந்துகளின் பெயர், ஆந்த்ராசைக்ளினின் மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடமும் அளவும், அறுவை சிகிச்சை, இரத்தம் ஏற்றிய விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரத்தம் ஏற்றியது எதற்கு என்று கேட்கலாம். ஹெபடைட்டிஸ் சி கிருமி 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் ஏற்றிய இரத்தத்தை அதற்காகச் சோதித்திருக்க வழியில்லை. அந்தக் காலத்தில் சிகிச்சை பெற்று இரத்தம் ஏற்றப்பட்டவர்கள் ஒருமுறை அந்த இரத்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் சிக்கல் எனக்குத் தெரியும். குழந்தைக்குச் சிகிச்சை நடந்தது பினாங்கிலோ கோலாலம்பூரிலோ. தோட்டம் துண்டாடப்பட்டு வீடு மாறியபோது பழைய அட்டைகள் தொலைந்துபோயின. மருந்தின் பெயர் தாய்க்குத் தெரியாது. சிவப்பு நிறமும் குழந்தையின் வாந்தியும் மட்டுமே நினைவில் இருக்கின்றன. இருந்தாலும் முயன்று பார்க்க வேண்டும். சிகிச்சை நடந்த மருத்துவமனையின் ரெக்கோட் பிரிவில் ஐசி (அடையாள அட்டை) எண்ணையோ பிறப்புப் பத்திர எண்ணையோ கொடுத்து மருத்துவ அறிக்கை கேட்கலாம்; அதற்குக் கட்டணம் உண்டு. பழைய கோப்புகள் எப்போதும் காத்திருக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. எங்கள் பெண்ணின் அறிக்கைக்கு இரண்டு முறை கோலாலம்பூர் போய்வர வேண்டியிருந்தது.

காகிதம் கைக்கு வந்தபின் பெரும்பாலான கவனிப்பை உள்ளூரிலேயே தொடங்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி என்பதே வழக்கமான பதிவுக் கட்டணம். கிளினிக் டாக்டர் நாளொன்றுக்கு எத்தனையோ நோயாளிகளைப் பார்ப்பவர். குழந்தைப் புற்றுநோயின் பின்விளைவுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. காகிதத்தை மேசைமேல் வைத்து, "சிறுவயதில் புற்றுநோய்க்கு இந்த மருந்துகள் பெற்றேன், இதனால் எந்த உறுப்பைச் சோதிக்க வேண்டும்?" என்று கேட்டால் போதும். மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, இடுப்பு வலி என்று எதற்காகப் போனாலும் இந்த வாக்கியத்தை முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் முப்பது வயதுக்காரரின் மூச்சிரைப்பை டாக்டர் ஆஸ்துமா என்றோ களைப்பு என்றோதான் முதலில் நினைப்பார்.

எங்கள் பெண்ணின் காகிதத்தில் ஆந்த்ராசைக்ளினின் மொத்த அளவு 120 மில்லிகிராம் என்றிருந்தது, கதிர்வீச்சு இல்லை. எக்கோவில் இதயம் நன்றாகவே சுருங்கி விரிந்தது. அடுத்தது ஐந்து ஆண்டுகள் கழித்து என்று எழுதிக் கொடுத்தார்கள். குழந்தை பிறந்து தடுப்பூசிக்காகப் போன நாளில், தாயின் உடல்நிலை பற்றி வேறொரு தாதி அதே பழைய கேள்வியைக் கேட்டார். மகள் வாய் திறப்பதற்குள் அக்காள் கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.